பாகற்காய்ப் பையின் காவல்காரன்

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒரு புருஷன் தானாக முன்வந்து, "இன்னிலேருந்து நான் சமைக்கிறேன்" என்று சொன்னால், அவனை உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான்.

நான் ஒளித்து வைத்திருந்தது குச்சி ஐஸ். சாக்லேட் பூசியது. கடித்தால் 'மொடக்' என்று சத்தம் வருமே, அந்த ஜாதி.

எல்லாம் டாக்டரால் வந்த வினை. என் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "என்ன சார், சர்க்கரை நிறைய இருக்கு, நடுநடுவுல ரத்தமும் இருக்கு" என்றார். பக்கத்திலிருந்த என் மனைவி, "இனிமே நான் பார்த்துக்கறேன் டாக்டர்" என்றாள். என்னைப் பார்த்துக்கொள்ள நான் என்ன கைக்குழந்தையா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைத் தட்டினேன்.

"இனிப்பை இனிமே தொட மாட்டேன்! தொட்டு மாட்டிக்கிட்டேன்னா, அன்னிலேருந்து ஆயுசு பூரா வீட்டுச் சமையல் என் பொறுப்பு!"

டாக்டர் கைதட்டினார். மனைவி தட்டவில்லை.

"நீங்கதான் சாட்சி டாக்டர்" என்றாள்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "கடைசி பெஞ்ச், வாயில இருக்கறதைத் துப்பு" என்று சொல்லக்கூடியவள். ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். ஊர் மீனும் ஊர் ஆப்பிளும் என் கண்காணிப்பில்தான் உறைந்து கிடக்கின்றன. என் சர்வீஸில் ஒரு பெட்டி காணாமல் போனதில்லை. குளிர்ச்சியான எதையும் எங்கே எப்படி வைப்பது என்று எனக்கா தெரியாது?

எங்கள் ஃப்ரீசரில் ஒரு பெரிய பச்சைப் பை இருந்தது. நறுக்கி உறைய வைத்த பாகற்காய். சர்க்கரைக்கு நல்லது என்று மனைவி வாங்கிப் போட்டது. வாங்கியவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை. உலகத்திலேயே பத்திரமான இடம்! உள்ளே இருந்த பாகற்காயைக் குப்பைத் தொட்டிக்குத் தானம் செய்துவிட்டு, அந்தப் பையில் குச்சி ஐஸை நிரப்பி, துணி காயப்போடும் க்ளிப்பைப் பை வாயில் மாட்டிவிட்டேன். அவள் குளிக்கப் போனால் ஒன்று. ஃபோன் பேசப் போனால் ஒன்று. வாழ்க்கை ஜில்லென்று ஓடியது.

ஒரே ஒரு சின்ன உறுத்தல். ஐஸ் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. ருசி மயக்கத்தில் ஒன்றுக்கு இரண்டாக நானே தின்றிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுபடி வாங்கி நிரப்புவேன்.

அப்போதுதான் பள்ளிக்கு நீண்ட விடுமுறை வந்தது. வீட்டில் சும்மா இருந்த மனைவி, ஒருநாள் காலையில் ஃப்ரீசர் கதவைத் திறந்தாள். ஒரு டப்பா அவள் காலில் விழுந்தது. என்ன டப்பா என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஏங்க! இது ஃப்ரீசரா, புதைகுழியா? இதுல இருக்கறதெல்லாம் தீர்ற வரைக்கும் யாரும் கடைப் பக்கம் போகக் கூடாது. ஒவ்வொண்ணா எடுத்துச் சமைக்கப் போறேன்."

"நல்ல யோசனை" என்றேன், பேப்பரைப் பார்த்தபடி.

"முதல்ல அந்தப் பாகற்காய்."

பேப்பர் கையிலிருந்து நழுவியது.

"பாகற்காயா! அது... அது கடைசியில!"

"ஏன் கடைசியில?"

"பாகற்காய்னா எனக்கு உயிர்."

"உங்களுக்கா?"

"சொன்னதில்லையா நான்? நல்லதைக் கடைசியில சாப்பிடணும்னு..."

"எனக்குத் தெரியாம எப்பலேருந்து இந்த உயிர்?"

"அதை விடு. நீ வருஷமெல்லாம் உழைக்கற. விடுமுறைல ஓய்வு எடு. இந்த ஃப்ரீசர் முழுக்க என் பொறுப்பு. நான் சமைக்கிறேன். நீ அந்தக் கதவையே தொடாதே!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சோபாவில் உட்கார்ந்து, காலைத் தூக்கி முக்காலி மேல் வைத்தாள்.

"சரி. முதல்ல காபி போடுங்க" என்றாள்.

மாட்டிக்கொண்டால் என்ன தண்டனை? சமையல். மாட்டாமல் தப்பிக்க நான் என்ன செய்தேன்? சமையல். இந்தக் கணக்கு அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

யாரும் இல்லாத நேரம் பார்த்து எல்லா ஐஸையும் தின்று தீர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மாமியாரை உங்களுக்குத் தெரியாது. எங்களோடுதான் இருக்கிறார். பேச்சில் மகா கஞ்சம். என்னிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான் வரும். சமையலறை சின்னது என்பதால் ஃப்ரிட்ஜ் கூடத்தில் நிற்கிறது. அதன் பக்கத்தில் டிவி. டிவிக்கு எதிரில் மாமியாரின் நாற்காலி. இந்த விடுமுறை தொடங்கியதிலிருந்து, காலையில் உட்கார்ந்தால் படுக்கத்தான் எழுந்திருக்கிறார்; படுப்பதும் அதே கூடத்தில்தான். அவர் பார்ப்பது டிவியையா ஃப்ரிட்ஜையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒருமுறை துணிந்து பையின் க்ளிப்பில் கை வைத்தேன். 'டப்'.

"என்னடி சத்தம்?" என்றார் மாமியார், மகளிடம்.

"என்னங்க சத்தம்?" என்றாள் மகள், என்னிடம்.

"என் முட்டி" என்றேன். அதோடு க்ளிப்பைத் தொடுவதை விட்டுவிட்டேன்.

சமையல் ஆரம்பமானது. பெயர் எழுதாத டப்பாக்கள். எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பனி. முதல் நாள் ஒரு டப்பாவில் மீன் கிடைத்தது. இன்னொன்றில் சிவப்பாக ஒரு கட்டி. தக்காளி விழுது என்று அடித்துச் சொல்வேன், என் அனுபவம் அப்படி. இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டேன். மனைவி ஒரு வாய் வைத்தாள். முகம் மாறியது.

"ஏங்க, மீன் ஏன் இனிக்குது?"

"இனிக்குதா?"

"இது தர்பூசணிச் சாறுங்க! ஐயையோ, நீங்க தொடாதீங்க. சத்தியம் பண்ணியிருக்கீங்க."

என் தட்டை இழுத்துக்கொண்டாள். எனக்கு வெறும் ரொட்டி. அவர்களும் அந்த மீனைத் தொடவில்லை.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் என்ன சாப்பிடுவீங்க?"

"எங்களுக்குப் பசியே இல்லீங்க" என்றாள். மாமியாரும் தலையாட்டினார். பாவம், என் மனம் நோகக் கூடாதென்று பட்டினி கிடக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பட்டாணியும் கோழிக்காலும். அதற்கு அடுத்து அடியில் நீலமாக ஒரு பை தட்டுப்பட்டது. நீலத்தில் என்ன காய்? என்ன கறி? கிடங்கில் இத்தனை வருஷம் இருந்தும் நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுச் சரக்காக இருக்கும் என்று கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். நன்றாகக் குலுங்கியது. உப்பும் போட்டுவிட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். அலறினாள்.

"ஐயோ! அது அம்மாவோட முழங்கால்ங்க!"

மாமியாரின் முட்டி வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் பையாம். மாமியார் தன் முழங்கால் கொதிப்பதை ஒரு பார்வை பார்த்தார். மகளிடம், "உப்பு போதுமான்னு கேளு" என்றார்.

இப்படியே ஃப்ரீசர் காலியாகிக்கொண்டு வந்தது. பச்சைப் பை மட்டும் ராஜா மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அதைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவேன். கல் மாதிரி இருக்கும். இருக்கிறீர்களா கண்ணுகளா? இருங்கள், இதோ வருகிறேன்.

எப்படி வருவது? எதிர்வீட்டு டிரைவரின் ஞாபகம் வந்தது. பஸ் ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன். அவர் வீட்டு ஃப்ரீசருக்குப் பையைக் கடத்திவிட்டால் தீர்ந்தது. முதலில் இடம் கேட்டுக்கொள்வோம் என்று போனேன்.

"சார், ஒரு சின்ன உதவி. உங்க ஃப்ரீசர்ல ஒரு பை வைக்கணும்."

"அடடா! ஊசி குத்த இடமில்லையே சார். ஏற்கெனவே ஒருத்தங்க ஒரு பையைக் கொடுத்து வெச்சிருக்காங்க."

"யாரு?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு சார்."

"என்ன பை?"

"அதையும் சொல்லக் கூடாதாம். நானும் சத்தியம் பண்ணிட்டேன்."

பாவம், யாரோ என்னைப் போல வீட்டுக்குப் பயந்த ஜீவன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முகம் தெரியாத அந்தச் சகோதரன் மேல் எனக்குப் பாசம் பொங்கியது. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் அந்த நாள் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன். டிவி ஓடவில்லை. மாமியாரின் நாற்காலி காலி! அட, அதிர்ஷ்டமே என்று ஃப்ரிட்ஜை நோக்கிப் பாய்ந்தேன். ஃப்ரீசரைத் திறந்தேன். சுத்தமாகக் காலி.

"இங்க இருக்குங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் பச்சைப் பை. ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மாமியார்.

"உங்க உயிர் மட்டும்தாங்க பாக்கி. சீக்கிரம் உருகட்டும்னு மத்தியானமே எடுத்து வெளியே வெச்சேன்."

மத்தியானமே! அடுப்புப் பக்கத்தில்! என் கண்ணுகள் பாயசமாகியிருக்குமே! எனக்கு முழி பிதுங்கியது.

"நீங்க ரெண்டு பேரும் கூடத்துல போய் உட்காருங்க. நல்ல சமையல்காரனுக்குத் தனிமை வேணும்."

"இத்தனை நாள் தனியா சமைச்சீங்க. இன்னிக்கு எப்படிப் பண்றீங்கன்னு நாங்க பார்க்கணும். பிரிங்க."

"இதை இன்னிக்கே பண்ணணுமா? எனக்கு லேசா காய்ச்சல்..."

"பாகற்காய் காய்ச்சலுக்கும் நல்லது. பிரிங்க."

கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாள். ஆயுசு பூரா சமையல் என் கண் முன்னால் வந்து நின்றது. டாக்டர் வேறு சாட்சி. தப்ப வழியில்லை. கையும் களவுமாக மாட்டுவதென்றால் கண்ணையாவது மூடிக்கொள்வோம் என்று மூடிக்கொண்டு, பையை வெட்டி, சட்டியில் கவிழ்த்தேன்.

சொத சொதவென்று விழுந்தது.

ஒரு கண்ணைத் திறந்தேன். பச்சையாக, வட்ட வட்டமாக, விதையோடு, அப்பட்டமான பாகற்காய்!

தப்பித்தேன்! எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தப் பாகற்காயைக் கட்டிக்கொண்டு ஆடலாம் போலிருந்தது. சிரித்தேன். மாமியாரைப் பார்த்தும் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியானால் என் ஐஸ் எங்கே?

யாரைக் கேட்பது? "என் ஐஸைக் காணோம்" என்று எந்த வாயால் சொல்வது? கடைக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்ட வீட்டில் புதுப் பாகற்காய் எப்படி வந்தது என்றுகூடக் கேட்க முடியாது. கேட்டால், பழைய பாகற்காய் எங்கே போனது என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டு வதக்கினேன்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மனைவி சட்டியை அப்படியே என் பக்கம் தள்ளினாள்.

"உங்க உயிர். நாங்க பங்கு கேட்கலாமா? தப்பு. நீங்களே சாப்பிடுங்க."

முதல் வாய் வைத்தேன். காதுக்குள்ளே கசந்தது.

"எப்படி இருக்கு?"

"அமிர்தம்."

"கண்ணுல தண்ணி வருதே?"

"ஆனந்தம்."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க. சமையல் நல்லாவே கைவந்துடுச்சு உங்களுக்கு. விட்டுடாதீங்க."

அப்போது அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு டிரைவர். கையில் ஒரு பை. "மேடம், நீங்க கொடுத்து வெச்சது. உங்க ஃப்ரீசர் காலியாயிடுச்சுன்னீங்களே" என்று நீட்டினார். என் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் நிற்காமல் ஓடிவிட்டார்.

மனைவி பையைப் பிரித்தாள். ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். காகிதத்தை உரித்தாள். கடித்தாள். மொடக்.

"இது... இது ஏது?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்தப் பாகற்காய்ப் பையில கிடந்ததுங்க. யார் வெச்சாங்கன்னே தெரியல. தீரத் தீர யாரோ புதுசா நிரப்பி வைக்கறாங்க. உங்களுதா?"

ஆமாம் என்றால் ஆயுசு பூரா அடுப்பு. இல்லை என்றால் அத்தனையும் போச்சு. அவள் நிதானமாகச் சப்பிக்கொண்டே காத்திருந்தாள்.

"சேச்சே! என்னுது இல்லையே" என்றேன்.

"அதானே. நீங்கதான் இனிப்பையே தொடறதில்லையே" என்றாள்.

மொடக் என்று இன்னொரு சத்தம். மாமியார். நிதானமாக மென்று விழுங்கினார். குச்சியை ஒருமுறை நக்கினார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்து நேரடியாகப் பேசினார்.

"மாப்பிள்ளை, சாக்லேட் பல்லுல ஒட்டுது. அடுத்த தடவை மாம்பழம் வாங்குங்க."