ரோபாட்டிக்ஸ் கிளாஸை வாயாலேயே மூடினேன்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. காலை பத்து மணிக்கு காலேஜ் போர்டலைத் திறந்து, மூன்றாம் வருஷத்துக்கு ஒரு எலக்டிவ் பாடத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான். ஒரு விரல் போதும்.

நான் வாயையும் சேர்த்துப் பயன்படுத்தினேன்.

படிப்பது எலெக்ட்ரிக்கல் அண்ட் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். எங்கள் டிபார்ட்மென்ட்டில் கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு லேப் இருக்கிறது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரோபோ கை. முதல் வருஷத்திலிருந்து அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். இந்த வருஷம்தான் ரோபாட்டிக்ஸ் எலக்டிவ் புதுசாக வந்தது. அதை இப்போது எடுத்தால்தான் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அந்தக் கையைத் தொட விடுவார்கள். எடுக்கவில்லையென்றால் கண்ணாடிதான், மூக்குதான்.

மொத்தம் அறுபது சீட். ஆசைப்பட்டதோ இரண்டு செக்‌ஷன் முழுக்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இம்ரான் போன் பண்ணினான். பெங்களூர் பிரேசர் டவுன்காரன், என் லேப் பார்ட்னர். "மச்சி, எங்க ஏரியால நெட்டு ஆமை மாதிரி இருக்கு. பத்து மணிக்கு எல்லாரும் ஒண்ணா பாய்வாங்க. நமக்கு சீட்டு கிடைக்குமாடி?"

"கூட்டத்தைக் கொஞ்சம் குறைச்சிட்டா?"

"எப்படி?"

இந்த இடத்தில் என் திறமையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு எல்லார் குரலும் வரும். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் தண்ணி லாரிக்காரர், பாதிரியார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி, ஆன்ட்டியின் பொமரேனியன், எல்லாம் வரும். ஒருமுறை குக்கர் விசிலை மூன்று தடவை அடித்தேன். அம்மா வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். அன்று எல்லோரும் அரிசியைக் கடித்துச் சாப்பிட்டோம்.

ஆகவே ரோபாட்டிக்ஸ் எடுக்கப்போகும் கேசவமூர்த்தி சாரை எடுத்துக்கொண்டேன். சார் ஒரு இருமலோடு தொடங்கி, "பாருங்க" என்பதற்குக் கன்னடத்தில் "நோடி" என்று கூப்பிட்டு, "அவ்வளவுதான்" என்பதற்கு "அஷ்டே" என்று முடிப்பார். நடுவில் வருகிற இங்கிலீஷைத் தமிழில் தருகிறேன்:

"க்ஹ்ம்ம்... நோடி, ஸ்டூடென்ட்ஸ். ரோபாட்டிக்ஸ் எடுங்க, சந்தோஷம். கிளாஸ் காலை ஏழரைக்கு. ஞாயித்துக்கிழமையும் லேப். கால்குலேட்டர் கிடையாது, மேட்ரிக்ஸ் எல்லாம் கையாலதான். ஃபெயில் ஆனா அப்பாவைக் கூட்டிட்டு வரணும். அப்பாவுக்கும் வைவா உண்டு. க்ஹ்ம்ம். அஷ்டே!"

ஸ்டாஃப் ரூம் எஃபெக்ட்டுக்காக டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். கலை என்றால் சும்மாவா?

இம்ரானுக்கு அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அரே, அந்த அப்பாவுக்கு வைவா! இதை ஒரே ஒரு குரூப்ல போடறேன்." போடட்டும், ஒரு பத்துப் பேர் பயந்து விலகினால் போதும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணி. போர்டல் திறந்தது. தொட்டேன். பதிவாகிவிட்டது! முதல் ஆள் நான்! ஹாலில் ஒரு டான்ஸ் போட்டேன். திரையில் மீதி சீட் ஐம்பத்தொன்பது என்று காட்டியது.

பல் தேய்த்துவிட்டு வந்தேன். ஐம்பத்தொன்பது.

இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஐம்பத்தெட்டு.

யாரோ ஒரு புண்ணியவான். இம்ரானா? போன் பண்ணினேன்.

"டேய், ரெண்டாவதா சேர்ந்தது நீதானே?"

"மச்சி... நான் சேரல."

"என்னது?"

"ராத்திரி அதைத் திரும்பக் கேட்டேன். பயமாயிருச்சு. எங்கப்பாவுக்கு வைவான்னா என்னன்னே தெரியாது மச்சி. நக்கோ, வேணாம். நான் வேற எலக்டிவ் போட்டுட்டேன்."

"டேய், அது நான் பேசினதுடா!"

"தெரியும். ஆனா கேட்கும்போது நீ மாதிரி இல்லையே!"

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. அழுகைதான் வந்தது.

ஒரே ஒரு குரூப்பில் போட்டதாகச் சொன்னானே, அது சீனியர், ஜூனியர், ஹாஸ்டல், கேன்டீன் குரூப் வரை போயிருந்தது. கிளாஸ் ரெப் சைத்ரா அதன் கீழேயே ஒரு அறிவிப்பும் போட்டிருந்தாள்: "பதினைந்து பேர் சேரலைன்னா அந்தக் கோர்ஸ் நடக்காது, சேர்ந்தவங்களைக் காலியா இருக்கிற பாடத்துல தள்ளிடுவாங்க. யோசிச்சுப் போடுங்க, மக்களே." எல்லோரும் நன்றாக யோசித்துத்தான் ஓடியிருக்கிறார்கள். போர்டல் ஐந்து மணிக்கு மூடும்.

உடனே குரூப்பில் எழுதினேன்: "ஃப்ரெண்ட்ஸ், அந்த வாய்ஸ் நோட் சார் இல்லை. நான்தான். ஸாரி."

சைத்ராவின் பதில் வந்தது: "சும்மா இரு ஷெரின். எல்லாரையும் உள்ள இழுத்து மாட்டிவிடப் பார்க்கறியா? உன் மிமிக்ரி எங்களுக்குத் தெரியாதா? நீ பண்ணினா சார் மூக்கால பேசுவார். இதுல நெஞ்சிலிருந்து பேசறார். இது ஒரிஜினல்."

நாற்பது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

இரண்டு வருஷமாகச் சாருக்கு மூக்கைக் கொடுத்தது என் தப்பு. வெள்ளிக்கிழமை பார்த்தா நெஞ்சு வர வேண்டும்?

சரி, சார் குரலிலேயே மறுப்பு விடலாம் என்று மறுபடி ஃபேனைப் போட்டேன். "க்ஹ்ம்ம்... நோடி, முன்னாடி வந்தது பொய். ரோபாட்டிக்ஸ் ரொம்ப ஈஸி. தாராளமா சேருங்க. அஷ்டே!"

அரை நிமிஷத்தில் சைத்ரா: "இதோ, இதுதான் ஷெரின். 'ஈஸி'ன்னு சார் வாயில ஒரு நாளாவது வந்திருக்கா?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏண்டி, காலையிலேருந்து வீட்டுக்குள்ள எந்த ஆம்பளை இருமிட்டே இருக்கான்?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் பறந்தேன்.

சார் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து போர்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் களையே இல்லை. "பா, உள்ள வா ஷெரின். இது என்ன, ஒருத்தரும் சேர மாட்டேங்கறாங்க? அந்தக் கையை வாங்க மூணு வருஷம் அலைஞ்சேன். கிளாஸ் நடக்கலேன்னா மெக்கானிக்கல்காரங்க தூக்கிட்டுப் போயிருவாங்க."

எனக்கே உரிய சொந்தக் குரலில் உண்மையைச் சொல்லி, வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டினேன்.

சார் ஒருமுறை கேட்டார். இன்னொருமுறை கேட்டார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நான் இவ்வளவு இருமறேனா?"

"ஆமா சார்."

"க்ஹ்ம்ம். ஹௌதா, அப்படியா..." என்றவர், "அந்த அப்பா வைவா நல்ல ஐடியா" என்றார்.

திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நானே என் போனை நீட்டினேன். "சார், நீங்களே பேசிடுங்க சார். உங்க நிஜக் குரல்ல."

சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆண்டு விழா மேடையில் ஏறியவர் போல நிமிர்ந்தார். "அன்பார்ந்த மாணவ மாணவியரே, இதனால் தெரிவிப்பது யாதெனில்..."

இருமல் இல்லை. நோடி இல்லை. அஷ்டே இல்லை. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. அனுப்பினேன்.

சைத்ரா: "ஷெரின், இது உன் கெரியர்லயே மோசம். சார் சாயலே இல்ல."

"சார், கொஞ்சம் உங்களை மாதிரி பேசுங்க சார்."

"நான்தானே பேசறேன்?"

"முதல்ல ஒரு இருமல் விடுங்க சார்."

"எனக்கு இப்ப இருமல் வரலையே, அம்மா."

"நெஞ்சிலிருந்து சார். இப்படி... க்ஹ்ம்ம்."

"கும்!"

"அது இல்ல சார். க்ஹ்ம்ம்."

"க்ஹும்!"

பக்கத்து அறையிலிருந்து லேப் அட்டெண்டர் ஓடி வந்து சாருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கேசவமூர்த்தி சாருக்குக் கேசவமூர்த்தி சார் மாதிரி பேச நான் பாடம் எடுத்தேன். நன்றாகவே கற்றுக்கொண்டார். கொஞ்சம் அதிகமாகவே. அடுத்த பதிவில் இருமலே ஆறு, நோடி எட்டு.

சைத்ரா: "இப்ப ஓவர் ஆக்டிங்."

சார் மெயிலும் அனுப்பினார். எங்கள் பேட்சில் காலேஜ் மெயிலைத் திறக்கிறவர்கள் பரீட்சைக்கு முன்னால்தான் திறப்பார்கள். நான் ஒவ்வொருவராகப் போன் பண்ணிக் கெஞ்சினேன். பாதிப் பேர், "இப்ப யார் குரல்ல கெஞ்சறே?" என்று கேட்டுவிட்டு வைத்தார்கள். சார் முகத்தோடு ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வந்தது வீடு திரும்பும்போது, சிக்னலில். மணி ஐந்தேகால்.

மொத்தம் ஒன்பது பேர். கோர்ஸ் ரத்து.

திங்கட்கிழமை நான்கு பேர் அந்த ஆரஞ்சுக் கையைத் தள்ளுவண்டியில் வைத்து மெக்கானிக்கல் பிளாக்குக்குக் கொண்டுபோனார்கள். சார் பின்னாலேயே போனார், "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சார், எனக்கு ஏதாவது தண்டனை கொடுங்க" என்றேன். "எதுக்கம்மா? அதைப் போர்டல் கொடுத்தாச்சு" என்றார்.

கொடுத்துத்தான் இருந்தது. காலியாகக் கிடந்த பவர் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனில் தள்ளியிருந்தது. சர்க்யூட் பிரேக்கர், ரிலே, மறுபடி ரிலே. எடுப்பவர் புதுசாக வந்த சார். சரி, புதுக் குரல் ஒன்றாவது கிடைக்கும் என்று முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவருக்கு இருமல் இல்லை. இழுவை இல்லை. ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. ட்யூப் லைட் எரிகிற சத்தம் மாதிரி ஒரு மணி நேரம் ஒரே சுருதி. நோட்டில் எழுதாமல், உதட்டை அசைத்து அசைத்துப் பயிற்சி பண்ணிப் பார்த்தேன்.

செமஸ்டர் பாதி போய்விட்டது. பாடமும் புரியவில்லை, குரலும் வரவில்லை.