ஏறாத கடலும் எங்கள் பலகையும்

கடலையே கட்டி ஆண்ட அலுவலகம் ஒன்று இந்த உலகத்தில் உண்டென்றால், அது எங்கள் கடல்மட்டக் கண்காணிப்பு அலுவலகம்தான். தற்பெருமை இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். பனிமலை உருகுது, கடல் ஏறுதுன்னு ஊர் உலகமெல்லாம் கூப்பாடு போட்டபோதும் எங்கள் கடல் மட்டும் இம்மிகூட ஏறவில்லை.

கடலை ஒட்டிய எங்கள் கட்டடத்தின் வெளிச்சுவரில் அளவுப் பலகை ஒன்று அடித்திருக்கிறது. தண்ணீர் அதிலுள்ள சிவப்புக் கோட்டைத் தொட்டால், கரையோரத் தெருக்காரர்களுக்கு மேட்டில் வீடு கொடுக்க வேண்டும். விதி அப்படி. ஒரு வருஷம் தொட்டே விட்டது. அவசரக் கூட்டம், பிஸ்கட்டோடு.

"தண்ணி ஏறிச்சா, பலகை இறங்கிச்சா?" என்று கேட்டார் இயக்குநர். அடேயப்பா, என்ன மூளை!

"பலகைதான் இறங்கியிருக்கும் சார். பழைய ஆணி," என்றேன்.

"அப்ப ஏத்தி அடிங்க. அதுக்குப் பேரு 'சீரமைப்பு'."

தச்சர் ஏணியில் ஏறினார். "இன்னும் மேலயா சார்?" "இன்னும் கொஞ்சம்!" கோடு தண்ணீரை விட்டுத் தப்பியதும் கைதட்டி, கேக் வெட்டினோம். அதிலிருந்து வருஷா வருஷம் 'சீரமைப்பு விழா'. பலகைக்குப் புது வர்ணம், நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறை. கீழ்த்தளத்தில் அலையடித்தபோது 'நல்ல காற்றோட்டம் கருதி' மாடிக்குக் குடிபோனோம். எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

இந்தச் சாதனையில் நம்பிக்கையில்லாத ஒரே ஜீவன், கரையோரத் தெருவில் குடியிருக்கும் என் தங்கை.

"அண்ணே, அடுப்படியில மீன் நீந்துது," என்றாள் போனில்.

"குழம்புக்கு வாங்கினதா இருக்கும்மா."

"வாங்கலண்ணே, அதுவா வந்துச்சு! குழாய்த் தண்ணி வாயில வைக்க முடியல, ஒரே உப்பு. பிள்ளைங்களைக் கட்டில் மேல போட்டுட்டு நான் கண்ணு மூடாம காவல் இருக்கேன். மேட்டுல ஒரு வீடு கொடுண்ணே, பயமா இருக்கு."

"அசடு! தண்ணி இன்னும் கோட்டைத் தொடவே இல்ல. உங்க அண்ணன் சொல்றேன், நம்ப மாட்டியா?"

நம்பினாள். சின்ன வயசிலிருந்தே நான் என்ன சொன்னாலும் நம்புவாள், பைத்தியம்.

நேற்று இந்த வருஷ விழா. "ஏணியே வேண்டாம் சார், ஜன்னல்லேருந்து கையை நீட்டினாலே எட்டுது!" என்று தச்சர் குதூகலித்தார். காசும் நேரமும் மிச்சம் என்று இயக்குநர் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது ஜன்னலோரம் ஒரு படகு வந்து முட்டியது. அதில் தங்கை, அவள் மடியில் நடுங்கும் இரண்டு பிள்ளைகள், ஒரு நனைந்த தலையணை. விடியற்காலை அலையில் வீடு சுவரோடு போய்விட்டதாம்.

ஆனாலும் விழா மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! "வாம்மா, நல்ல நேரத்துக்கு வந்தே. கேக் எடுத்துக்கோ," என்றேன்.

அவள் கேக்கைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் சொட்டு ஈரமில்லாமல் பளபளத்த பலகையையே பார்த்தாள்.

"இந்த மரக்கட்டை நனையக் கூடாதுன்னு வருஷா வருஷம் மேல தூக்கி வெச்சியே அண்ணே, எங்களைத் தூக்கணும்னு ஒரு தடவைகூடத் தோணலையா?"