துடைப்பாளர் கண்ட அழுக்கு

துடைப்பாளர் என்றோர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். அலுவலகத்துக்கு ஒருவர், குடும்பத்துக்கு ஒருவர் என்று இயற்கை பங்கிட்டே வைத்திருக்கிறது. அடையாளம், வலக்கை ஆள்காட்டி விரல். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அது முதலில் அலமாரி விளிம்பில் ஓடும், அப்புறம் அவர் கண்ணுக்கு நேரே உயரும், அப்புறம் கொலைக்குச் சாட்சி கிடைத்ததுபோல உங்கள் மூக்குக்கு நேரே நீளும். "இது என்ன?" என்பார். தூசி என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். உங்கள் வாயால் வர வேண்டும்.

நம் துடைப்பாளர் ஒரு மீன் காட்சியகத்தின் மேலாளர். வீட்டில், மனைவி மண் நிரப்பி ஜன்னலில் வைத்திருந்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தவர்.

"ஐயோ, அதுல விதை போட்டிருந்தேங்க!"

"என் கண்ணுக்கு மண்ணுதான் தெரிஞ்சுது."

அதே செடி பூத்து நின்றிருந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

காட்சியகத்தில் அவர் படம் எடுத்துக்கொள்வது ராட்சத ஜெல்லி மீனோடு. சாப்பாட்டு மேசை அகலத்துக்குக் குடை, அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் கொட்டும் இழைகள். உடம்பெல்லாம் தண்ணீர், மூளை இல்லை, இதயம் இல்லை. பெரிய மனிதர்கள் யார் வந்தாலும் துடைப்பாளர் நேரே அந்தத் தொட்டிக்குத்தான் கூட்டிப்போவார். இருவருக்கும் உள்ள ஒற்றுமை கண்டு ஊழியர்கள் யாரும் சிரித்ததில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள்.

அதற்குத் தீனி போடுகிறவர் ஓர் அம்மாள். இருபது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்து, படுத்த நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டிய கை. பின்னறையில் மூன்று கண்ணாடித் தட்டுகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவு பழுப்புப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். பொட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றி முடிபோல் கைகள். தினம் காலையில் சொட்டுக்குழாயால் இறால் பொடிக்குஞ்சுகளை ஒவ்வொரு வாயிலும் விட்டு, அரைமணி கழித்து எச்சிலை உறிஞ்சி எடுத்து, தண்ணீர் மாற்றுவார். கொஞ்சலெல்லாம் கிடையாது. வேளைக்குத் தீனி, வேளைக்குத் தண்ணீர்.

ஒரு நாள் காலை விரல் அங்கேயும் வந்தது.

"என்னம்மா இது, பாசியா?"

"குட்டிங்க சார்."

"குட்டியா? ஜெல்லி மீன் அங்கல்ல இருக்கு!"

"அதோட குட்டிங்கதான். பொறந்ததும் கொஞ்சம் நீந்தும், அப்புறம் எங்கயாவது ஒட்டிக்கிட்டு இப்படியே வருஷக்கணக்கா உக்காந்திருக்கும். நல்லா குளிர் பட்டாத்தான் உடம்பு தட்டுத் தட்டாப் பிரிஞ்சு, ஒவ்வொண்ணும் நட்சத்திரமாட்டம் நீந்திப் போகும். அதுதான் சார் பெருசாகுறது."

"அப்ப வருஷக்கணக்கா ஒண்ணுமே செய்யாது?"

"சாப்பிடும் சார்."

"வேலை செய்யாம சாப்பிடறதுக்குப் பேர் குட்டி இல்லம்மா. நாளைக்கு ஆய்வுக் குழு வருது."

சட்டைக் கையை மடித்தார். துடைப்பாளர் சோம்பேறி அல்ல, அதுதான் ஆபத்தே. முதல் தட்டைத் தானே தேய்த்தார். இரண்டாவதையும் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இப்ப பாருங்க!" என்றார். பார்க்க ஒன்றுமில்லை. அவர் மகிழ்ச்சியே அதில்தான். தேய்த்த கண்ணாடியில் அவர் முகம் பார்க்கும் அந்த நேரத்தில் அம்மாள் மூன்றாவது தட்டை மூடி, தன் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து எடுத்துக்கொண்டு, ஊழியர்கள் அறை ஃப்ரிட்ஜில் கடைசி அடுக்கின் மூலையில் தள்ளிவிட்டார். அழுது பிரயோசனம்? இருப்பதைக் காப்பாற்று என்பது வார்டில் படித்த பாடம்.

அதன்பின் ஒளித்து ஒளித்துத்தான் தீனி போட்டுத் தண்ணீர் மாற்றினார்.

மாதங்கள் போயின. தொட்டியிலிருந்த பெரிய ஜெல்லி மீன் சுருங்கத் தொடங்கியது. இழைகள் உதிர்ந்தன, குடை ஓரம் கிழிந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று துடைப்பாளர் குதித்தார்.

"வயசாயிடுச்சு சார். அதுக்கு ஆயுசே ஒரு வருஷம்தான்."

"அப்ப அடுத்தது எங்க? ஒண்ணு வளர்த்து வைக்கணும்னு இங்க யாருக்கும் தோணலையா?"

"வளர்த்தேனே சார். நீங்கதான் நல்லா தேய்ச்சீங்க."

அம்மாள் அவரை ஃப்ரிட்ஜ் முன் கூட்டிப்போய் நிறுத்தினார். யாரோ வைத்த பாதி எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்து மூடியைத் திறந்தார். குளிர் தன் வேலையைச் செய்திருந்தது. பழுப்புப் பொட்டுகள் அடுக்கடுக்காய்ப் பிரிந்து, நகம் அளவுகூட இல்லாத நட்சத்திரங்கள் சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து நீந்திக்கொண்டிருந்தன.

துடைப்பாளர் குனிந்தார். வாய் திறந்தபடியே இருந்தது. திருந்திவிட்டார் போல, என்று அம்மாளுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது.

அவர் நிமிர்ந்தார். விரல் நீண்டது. ஃப்ரிட்ஜின் உள்சுவரில் ஓர் ஓட்டம் ஓடி, அம்மாளின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"இது என்ன?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் மகள் மேசையிலிருந்து குப்பை என்று கசக்கிப் போட்டீர்களே ஒரு தாள், அதில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா? சரி, அது போகட்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஆள்காட்டி விரல் மேசை விளிம்பில் என்ன செய்துகொண்டிருக்கிறது?