நீலத்திரையில் ஓர் அம்பு

ஏரம்பமூர்த்தி யாரிடமும் வழி கேட்க மாட்டார். அப்பா கிராணி, தாத்தா கிராணி, அவரும் தண்ணீர் இலாகாவில் கோப்பு எழுதும் கிராணி. ஊரார் மனுவோடு வந்து அவரிடம் கேட்கலாம். அவர் காரை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "ஏங்க, இந்தத் தெரு..." என்று இழுப்பதா? இந்தக் கொள்கையால் கல்யாண வீடுகளுக்கு அவர் குடும்பம் போய்ச் சேரும்போது தாலி ஏறியிருக்கும், பந்தி முடிந்திருக்கும், வாடகை நாற்காலிகள் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும்.

தொண்ணூற்றேழில் அவர் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினார். முன்பக்கம் சின்னத் திரை ஒன்று. சாட்டிலைட் பார்த்து வழி சொல்லும் பெட்டி. ஆனால் அதிலிருந்த வரைபடத் தட்டு, அதாவது சி.டி., ஜப்பானுடையது. கார் பினாங்கு ஜெலுத்தோங்கில் நிற்கும். திரையில் ஏதோ ஒரு ஜப்பான் தெரு தெரியும்.

"மலேசியாத் தட்டு இருக்குண்ணே" என்றார் ஹபீப் முகம்மது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை. ஓய்வு நேரத்தில் கார்ச் சாமான் வியாபாரம். "ஆயிரத்து இருநூறு வெள்ளி. அப்புறம் வருசா வருசம் இருநூற்றைம்பது, புதுப்பிக்க. ரோட்டை மாத்திக்கிட்டே இருக்கானுங்கள்ல?"

"ரோடு மாறும். போற வீடு மாறுமா?" என்றாள் அவர் மனைவி யோகலட்சுமி, கொடியிலிருந்து ஈரத்துணிகளை உருவியபடி.

ஏரம்பமூர்த்திக்கு அப்போதுதான் போனஸ் வந்திருந்தது. அந்தப் பணத்தின்மேல் அவளுக்கும் ஒரு கண். குழந்தைக்கு நாலு மாதம். மழைக்காலம். ஒரு நாளைக்குப் பதினெட்டுத் துணி. கை தோல் உரிந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது வாஷிங் மெஷின்.

"தட்டுதான்" என்றார் ஏரம்பமூர்த்தி. "முடிவு பண்ணியாச்சு."

"சரிங்க. ஆனா சோதிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க. ஞாயித்துக்கிழமை பாலிக் புலாவ்ல என் ஒன்னுவிட்ட அக்கா அருந்ததி புதுமனை போறா. யாரையும் கேக்காம, தட்டை மட்டும் நம்பி, பால் காய்ச்சுறதுக்குள்ள போய்ச் சேர்ந்தா தட்டு. இல்லன்னா மெஷின்."

"பத்து மெஷின் வேணும்னாலும் கேளு. ஜெயிக்கப் போறது நான்."

அருந்ததியின் புருஷனும் ஹபீப்பும் ஒரே தொழிற்சாலை. அதனால் ஹபீப்பும் ஞாயிறன்று அங்கே வருகிறார். சனிக்கிழமை மாலையே வந்து, காரின் பின்பக்கச் சாமானறையில் தட்டு ஓடும் பெட்டியிலிருந்த ஜப்பான் தட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்.

"கூரைக்கு அடியில சாட்டிலைட் பிடிக்காதுண்ணே. நாளைக்கு ரோட்ல பாருங்க. பிடிச்சா பணம், இல்லன்னா தட்டைக் கொடுத்துடுங்க."

ஞாயிறு காலை குழந்தையின் பையைப் பின்பக்கச் சாமானறையில் வைக்க யோகலட்சுமிக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

"துணி மூட்டையா வைக்கிற, தொழிற்சாலையே வைக்கிறியா?"

"வந்துட்டேன்லா."

கார் கிளம்பியது. திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு வெள்ளை அம்பு.

"ரோட்டையே காணோமே" என்றாள் பின்னாலிருந்து.

"பினாங்கு தீவுதானே. சுத்திக் கடல். நீலமாத்தான் இருக்கும்."

"ஓ."

"டிரைவர்கிட்ட பேசாதே."

"நான் பாப்பாகிட்டதான் பேசப்போறேன்."

பேசினாள். வழி நெடுகப் பேசினாள். "பாப்பா, அந்தா பார், டயர் கடை. டயர் கடைகிட்ட இடது பக்கம் திரும்புறாங்க நல்ல பிள்ளைங்க." ஏரம்பமூர்த்தியின் கை இடது பக்கம் போனது. கார் திரும்பியதும் அம்பும் திரும்பியது.

"பாத்தியா? சொன்ன இடத்தில கரெக்டா திரும்புது அம்பு."

"ஆமாங்க, அதிசயம்தான். பாப்பா, இப்ப மலை ஏறப்போறோம். கொண்டை ஊசி மாதிரி வளைவு. அம்மாவுக்குப் பயமா இருக்கு. அப்பா மெதுவாத்தான் ஓட்டுவாரு, இல்ல?"

கார் மெதுவானது.

"பாப்பா, பள்ளிக்கூடத்தில படிக்கிறப்ப அம்மா இங்க பஸ்ல வருவேன். ஜாதிக்காய் ஊறுகாய் விக்கிற அம்மா இருக்காங்களே, அவங்களைத் தாண்டி வலது. அப்புறம் டுரியான் தோட்டம், பச்சைக் கேட்டு."

வலது. தோட்டம். பச்சைக் கேட்டு. வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே அடுப்பில் பால் இன்னும் பொங்கவில்லை. ஏரம்பமூர்த்தியின் வாழ்நாளில் முதல்முறையாக நாற்காலிகள் எல்லாம் காலியாக அவருக்காகக் காத்திருந்தன.

அவர் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். "ஒருத்தரையும் கேக்கல. ஒரு வளைவு தப்பல. ஹபீப், உன் தட்டு தங்கம்யா. இந்தா, ஆயிரத்து இருநூறு."

ஹபீப் கை நீட்டினார். அதற்குள் யோகலட்சுமி குழந்தையின் பையைத் திறந்தாள். மடித்த துணிகளுக்கு நடுவிலிருந்து வெள்ளியாய் மின்னிய ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"உங்க தட்டு, அண்ணே. கீறல் விழாம இருக்கட்டும்னு காலையிலயே பெட்டியிலருந்து எடுத்து வச்சுட்டேன்."

பால் பொங்கியது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஏரம்பமூர்த்தி மட்டும் கையிலிருந்த நோட்டுகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அந்த நீலம்?"

"தட்டு இல்லாத பெட்டிங்க. நீங்கதான் கடல்னு சொன்னீங்க."

"நான் யாரையும் வழி கேக்கலையே."

"கேக்கலைங்க. நானும் உங்ககிட்ட சொல்லல."

திரும்பும்போது அவர் திரையை அணைத்துவிட்டார். மலை இறங்கினார்கள். ஆயர் ஈத்தாம் முச்சந்தி வந்தது. காலையில் எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. பின்பக்கம் அமைதி. அவர் கண்ணாடியில் நாலு மாதக் குழந்தையைப் பார்த்து, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"பாப்பா... இங்க இடமா, வலமா?"

"பாப்பா தூங்குது" என்றாள் யோகலட்சுமி. "வாஷிங் மெஷின் கடைன்னா வலது."

கார் வலது பக்கம் திரும்பியது.