நாலு வாசல் அடுப்படி

திருத்தங்கல்,
சித்திரை 12

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையோடும் குடும்பத்தோடும் சீரும் சிறப்புமாக இருக்கும் மச்சான் பால்பாண்டி அவர்களுக்கு, உங்கள் தங்கை முத்துப்பேச்சியின் வீட்டுக்காரன் முனியசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுத வேண்டும். மூன்று வாரமாக நானே சமைத்து நானே சாப்பிடுவதால் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கு நீங்களும், உங்கள் வீட்டம்மா கற்பகவல்லி அக்காவும், பங்குனிப் பொங்கலுக்குப் போயிருப்பதாக நான் தெருவில் சொல்லிவைத்தும் சித்திரை பிறந்தும் திரும்பாத என் மனைவியும் நலமா? போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பேச்சி வீட்டுக்கு வர வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். அந்த அடுப்படி இருக்கும்வரை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

முப்பத்தொரு வருஷம் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி போர்மேனாக இருந்து போன ஆடியில் ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு பேச்சி கேட்டது ஒன்றே ஒன்று, அடுப்படியை மாற்றிக் கட்ட வேண்டும். சட்டிகளை உள்ளே தள்ளி மூட ஒரு டிராயர், இட்லிக் கொப்பரை முழுசாக முங்குகிற மாதிரி ஆழமான ஒரு தொட்டி, அவ்வளவுதான். அதற்காக ஓவியா என்ற பெண்ணைக் கூப்பிட்டோம். மதுரையில் படித்துவிட்டு வந்து சிவகாசியில் வீட்டு அலங்கார வேலை செய்கிறாள். அவள் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். இப்போது யாரும் அடுப்படிக்குச் சுவர் வைப்பதில்லையாம். அலமாரிக்குக் கைப்பிடி கிடையாதாம், விரலால் தட்டினால் திறக்குமாம், விட்டால் தானே மெதுவாக மூடிக்கொள்ளுமாம். பிரிட்ஜ் இருக்க வேண்டுமாம், ஆனால் இருப்பது தெரியக் கூடாதாம். அடுப்பும் தொட்டியும் பிரிட்ஜும் முக்கோணமாக நிற்க வேண்டுமாம். எல்லாமே பிஸ்தாப் பச்சையாம். நான் பார்த்த படங்களில் சமைத்த தடயமே இல்லை, தட்டில் ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் இருந்தது. இதில் பருப்பு எங்கே வேகும் என்று கேட்டேன். "அது தெரியாம இருக்குறதுதான் அங்கிள் இப்ப டிரெண்டு" என்றாள். அடுத்த படத்தில் நட்டநடுவில் தன்னந்தனியாக ஒரு மேடை. "இது ஐலண்டு அங்கிள். சுத்தி நின்னு எல்லாரும் வேலை பாக்கலாம்." எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் கம்பெனியில் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளித் தன்னந்தனியாக நிற்பது வெடிமருந்து கலக்கும் ரூம். அதைச் சுற்றி யாரும் நிற்க மாட்டோம்.

ஒன்றும் புரியாததால் எனக்குத் தெரிந்த கம்பெனி விதியைச் சொன்னேன். ரூமுக்கு நாலு பக்கமும் வாசல், கதவெல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், போகிற வழியில் ஒரு டப்பா இருக்கக் கூடாது, வாசலில் மணல் வாளியும் தண்ணீர் வாளியும் வேண்டும், உள்ளே நாலு ஆளுக்கு மேல் ஒரு ஆள் கூடாது. ஓவியா என்னைப் பார்த்தாள், பேச்சியைப் பார்த்தாள். பேச்சி, "அவுக சொன்னாச் சொன்னதுதான் தாயி. எனக்கு ஒரு டிராயர மட்டும் எங்கனயாவது வச்சுக் குடு" என்றாள்.

நாலு வாசல் விட்டால் அலமாரி வைக்கச் சுவர் இருக்காது என்பது வேலை முடிந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. சட்டி டிராயர் ஹாலில் டிவிக்குக் கீழே போனது. பிரிட்ஜ் படுக்கையறைக்குப் போய், பீரோவுக்குப் பக்கத்தில் அதே பிஸ்தாப் பச்சைக் கதவுக்குள் ஒளிந்துகொண்டது. சட்டையைத் தேடிப் பிரிட்ஜைத் திறக்கிறேன், தயிரைத் தேடிப் பீரோவைத் திறக்கிறேன். முக்கோணம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதில் ஒரு முனை என் தலைமாட்டில் இருக்கிறது. நாலு பக்கக் காற்றில் அடுப்பு அணைந்துவிடுவதால், பற்றவைக்க மூன்று கதவை மூட வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாலம்மாள் பஸ் ஸ்டாப்புக்குத் தெருவைச் சுற்றுவதையே விட்டுவிட்டார். கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் இறங்குகிறார். "எம்புட்டு வசதியா இருக்குண்ணே" என்று போகிற போக்கில் குழம்பில் உப்பும் பார்த்துவிடுகிறார். ஓவியா மட்டும் இதைப் படம் பிடித்து 'ஓப்பன் கிச்சன்' என்று போட்டாளாம், இரண்டு பேர் விலை கேட்டார்களாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இதெல்லாம்கூடப் பேச்சி பொறுத்துக்கொண்டாள். புது அடுப்படியில் பால் காய்ச்ச இருந்த அன்றுதான் வினை வந்தது. வத்தல் லோடு வந்ததால் நீங்கள் வரவில்லை, அக்கா மட்டும் வந்தார். அடுப்பு முன்னால் பேச்சி, உதவிக்குப் பாலம்மாள், சாம்பிராணி போட ஓவியா, மேற்பார்வைக்கு நான். நாலு ஆள். அந்த நேரம் பார்த்து அக்கா வடக்கு வாசலில் கால் வைத்தார். பழக்க தோஷம் மச்சான், என் கை தானாக உயர்ந்துவிட்டது. "அங்கனயே நில்லுங்கக்கா. ஆளு நாலு ஆச்சு" என்றேன். அவர் கையில் விருதுநகரிலிருந்து கொண்டு வந்த பால் செம்பு இருந்தது. அதைத்தான் காய்ச்சப் போகிறோம் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் வெளியே வந்தால் கணக்குச் சரியாகிவிடும் என்பதும் தோன்றவில்லை. அக்கா செம்பை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். "எங்க மதினிய வாசல்ல நிப்பாட்டுன வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்று பேச்சியும் பின்னாலேயே போய்விட்டாள். அக்காவிடம் நான் நூறு முறை மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. போன தீபாவளிக்கு முதல் நாள் பேச்சி அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டி குப்பென்று தீப்பிடித்துக்கொண்டது. அவள் ஒரு தட்டைப் போட்டு மூடினாள், அடுப்பை அணைத்தாள், "என்ன முழிக்கீக? அந்த எள்ள எடுங்க" என்றாள். பழைய அடுப்படிக்கு ஒரே வாசல், அதை ஒட்டித்தான் அடுப்பு. நெருப்புக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் அவள். கம்பெனியில் அத்தனை பேருக்கும் வெளியே ஓட வழி பார்த்து வைத்தவன், என் வீட்டில் இவளுக்கு ஒரு வழி வைக்கவில்லையே என்று அன்றைக்குப் பயந்தவன்தான், இன்னும் அந்தப் பயம் போகவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை அனுப்பி வையுங்கள். வந்தால் மூன்று வாசலையும் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறேன். கொத்தனார் காமராஜிடம் திங்கட்கிழமைக்குச் சொல்லியாகிவிட்டது. அலமாரி, ஐலண்டு, கைப்பிடி இல்லாத கதவு, அவள் எது கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். உங்கள் வியாபாரம் பெருகவும், வத்தல் விலை இறங்காமல் இருக்கவும், என் மேல் உள்ள கோபம் மட்டும் இறங்கவும் மாரியம்மனை வேண்டும்,
முனியசாமி.

பி.கு.: மச்சான், மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். கடிதத்தை அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுத் தபாலாபீஸுக்கு உறை வாங்கப் போனேன். வந்து பார்த்தால் பேச்சி அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அக்காவே கூட்டி வந்துவிட்டார். "எங்க அடுப்படிக்கு ரெண்டு ஆளே சாஸ்தி தம்பி, மூணு வாரமா எனக்கு மூச்சு முட்டுது" என்றார். பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத எங்கிட்டச் சொல்ல வாய் இல்ல, எங்க அண்ணனுக்கு நாலு பக்கம் எழுதுறீகளாக்கும்?" என்றாள். ஒரு வாசலையும் அடைக்கக் கூடாதாம். காமராஜை வர வேண்டாம் என்று அவளே போனில் சொல்லிவிட்டாள். உறை வாங்கிவிட்டதால் இதை அனுப்புகிறேன். இப்போது மறுபடியும் பால் காய்ச்சுகிறார்கள். உள்ளே பேச்சி, அக்கா, பாலம்மாள், போன் போட்டதும் வந்துவிட்ட ஓவியா. வாசலில் கால் வைத்தேன். அக்கா கையைத் தூக்கி, "அங்கனயே நில்லுங்க தம்பி. ஆளு நாலு ஆச்சு" என்றார். எந்த வாசலில் என்று கேட்காதீர்கள், நாலிலும் நின்று பார்த்துவிட்டேன்.