அலமாரிக்கு முன்னால் ஒரு விரிவுரை

பெண் பார்க்கப் போன வீட்டில், இரு தரப்பும் சம்மதம் சொல்லும்வரை கை நனைக்கக்கூடாது. தேநீர் குடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிந்துவிட்டதாகப் பொருள். எழுதாத விதிதான், ஆனால் எழுதிவைத்த எந்த விதிக்கும் இலங்கை மலையகத்து ஊவாவில் இத்தனை மரியாதை இருந்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். அப்புத்தளைத் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகள் சரோஜாவின் படத்தைப் பார்த்த அன்றே, என் பக்கச் சம்மதத்துக்கு மனதுக்குள் முத்திரை குத்திவிட்டேன். அவள் சம்மதம்தான் பாக்கி. பெரியப்பாவுடன் ரயிலேறினேன்.

கடைக்காரர் மகளுக்காகச் செய்து வைத்திருந்த பலாமர அலமாரியைக் காட்டினார். "நல்லா இருக்குங்க" என்றால் போதும். (அதுக்கு மேல எவன் கேட்டான்?) நான் தொடங்கினேன். அலமாரி, போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். சிங்களத்தில் அல்மாரிய, இந்தியில் அல்மாரி. அங்கிருந்து எடுத்து ஆங்கிலேயர் அல்மைரா என்றார்கள். மூலம் லத்தீன், ஆர்மாரியம்: ஆயுதமும் கருவியும் வைக்கும் இடம். பிறகு ரோமர் அதில் ஏடுகளை வைத்தார்கள், நாம் சேலை வைக்கிறோம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒருமுறை கதவைத் திறந்து மூடிக் காட்டினேன்.

நான் ரோமில் இருந்தபோது வெளியே ஊதல் கேட்டது.

"அது நம்ம ரயிலுடா," என்றார் பெரியப்பா.

அன்றைக்கு அதுதான் கடைசி ரயில். பனிமூட்டத்தில் பஸ்ஸும் இல்லை. சரோஜாவின் அம்மா சோறு பரிமாறினார். பெரியப்பா கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழிப்போக்கராக நினைத்துச் சாப்பிடும்படி கடைக்காரர் கெஞ்சியும் அசையவில்லை. எனக்கோ பசி. விதியை மறுபடி மனதுக்குள் படித்துப் பார்த்தேன். கைதானே நனையக்கூடாது? ஒரு கரண்டி கேட்டேன்.

சரோஜாவே கொண்டுவந்து வைத்தாள்.

"இது எந்த நாட்டுல இருந்து வந்துச்சுங்க?"

கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சமையலறையில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் என் சோறு ஆறிவிட்டது.

மறுநாள் புறப்படும்போது, யோசித்துச் சொல்வதாக மட்டும் சொன்னார்கள். பெரியப்பா ஹாலிஎல வரை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஆவணி போயிற்று, ஐப்பசியும் போயிற்று. நான் முறைப்படி தரகர் மூலம் இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன். எங்கள் சொந்தத்தில் இன்றும் யாராவது நீட்டி முழக்கிப் பேசினால், ஒருவர் எழுந்து போய்க் கரண்டி எடுத்து வருவார். காரணம் தெரியாத சின்னதுகள்கூட.

கடைசியில் தரகர் வந்தார். "கரண்டி கேட்ட மாப்பிள்ளையே போதும்னு பொண்ணு சொல்லிருச்சுங்க. பேச்ச மட்டும் கொறைச்சுக்கணுமாம்."

அந்தப் பதில் வந்து சேர்ந்தது, மாடுகளுக்குப் புதுக் கயிறு கட்டும் மாட்டுப் பொங்கலன்று.