குலமுத்திரை வெட்டிய சுழல்தண்டு

தொழிற்புரட்சி என்று உலகம் கொண்டாடுவதெல்லாம் அந்தப் பட்டறையில் நடந்த கூட்டத்துக்கு வெறும் ஒத்திகை. கூட்டத்துக்கு வந்திருந்தோர்: பட்டறை முதலாளியான பெரியவர், ஆலை எந்திரங்களைச் சுற்றவைக்கும் ஒவ்வொரு இரும்புச் சுழல்தண்டின் நடுவிலும் உளியால் அப்பா பேர் கொண்ட குலமுத்திரை வெட்டும் 'திருப்பணி'யைச் செய்யும் அவர் தம்பி, அங்கேயே பொறியாளராக இருக்கும் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பாவான மாவு ஆலைக்காரர். அவர் ஆலையில் முறிந்த தண்டும் வந்திருந்தது. அதை ஒருவராக எண்ணுவதா இருவராகவா என்பதில் முடிவு எட்டப்படவில்லை.

"இது மூணாவது தண்டு சம்பந்தி," என்றார் ஆலைக்காரர். "மூணும் உங்க முத்திரையிலதான் முறிஞ்சுது. இன்னும் ஒண்ணு போச்சுன்னா நான் வேற பட்டறையைப் பார்க்கணும்."

பெரியவருக்குச் சுருக்கென்றது. பெண் கொடுத்த வீட்டிலேயே தண்டு விலைபோகாவிட்டால் நாலு பேர் முன்னால் மீசையை எப்படி முறுக்குவது?

"மாமா, வழவழன்னு இருக்கிற தண்டு வருஷக்கணக்கா சுத்தும்," என்றார் மாப்பிள்ளை. "மேல ஒரு வெட்டு விழுந்தா, விசையெல்லாம் அங்க வந்து குவியும். சுத்தச் சுத்த, வெட்டோட அடியில விரிசல் கொஞ்சம் கொஞ்சமா வளரும். ஒருநாள் பட்டுனு போயிடும்."

"எங்க அப்பா பேரு உங்களுக்கு வெட்டாத் தெரியுதா மாப்பிள்ளை?"

"அண்ணே, ஆழம் பத்தலையோ என்னமோ," என்றார் தம்பி கவலையோடு. "மரியாதை குறைஞ்சா தண்டு கோவிச்சுக்காதா?"

இந்த 'விஞ்ஞான விளக்கம்' ஏகமனதாக, அதாவது பெரியவரால், ஏற்கப்பட்டது. அடுத்த தண்டில் விரல்நுனி பதியும் ஆழத்துக்கு முத்திரை இறங்கியது. அந்தத் தண்டு முந்தையவற்றைவிடச் சீக்கிரமே முறிந்து சாதனை படைத்தது.

ஆலை நிற்கக் கூடாதே என்று மாப்பிள்ளை முத்திரை இல்லாத ஒரு மொட்டைத் தண்டை மெருகேற்றிப் பூட்டினார். மாதங்கள் போயின. அது சுற்றிக்கொண்டே இருந்தது. பெரியவர் நேரில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நம்ம தண்டு மானத்தோட முறியுது. இது பாருங்க, பேரும் இல்லாம குலமும் இல்லாம, வெட்கங்கெட்டுச் சுத்துது."

"எனக்கு வெட்கங்கெட்டதாவே நாலு குடுங்க சம்பந்தி."

கொடுத்தார். எங்கே செய்தது என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது நிபந்தனை.

இன்று பல ஆலைகளில் முறியாமல் ஓடும் மொட்டைத் தண்டுகள் பெரியவரின் பட்டறையில் பிறந்தவை என்று ஒரு வதந்தி உலவுகிறது. அப்பட்டமான பொய். முறிந்தவை மட்டுமே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.